ஏற்றம் மிதித்த கால்

விஜயம்: கொஞ்சம் தள்ளி நில்லுடி ஒச்சாயி. கோபுரச் சாரமே தெரியலை எனக்கு.

ஒச்சாயி: நான் ஒருத்தி நின்னா சாரம் தெரியாமப் போயிருமா குருக்களம்மா?

விஜயம்: இப்போ நீ ஒருத்தியா? போன ஆடியில வேப்பங்குச்சி மாதிரி இருந்தே. ஆறு மாசத்துல ரெண்டாளா ஆயிட்டே.

ஒச்சாயி: அது... ஒடம்பு வாகும்மா. காத்து மாறிப்போச்சு.

ஜெயக்கொடி: ஆமாம்மா. எம் பொஞ்சாதிக்குப் பொங்கக் காத்து அடிச்சிருச்சு.

ஒச்சாயி: இந்தா... வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீகளா?

விஜயம்: என்ன காத்துங்கறான்?

ஜெயக்கொடி: ஒண்ணுமில்லம்மா. யாகசாலைப் புகை நம்ம பக்கமா அடிக்குதுன்னேன்.

விஜயம்: மேளம் கிளம்பிடுத்தே... குடம் வர்றது. யாருடி முன்னாடி வர்றது? எனக்குக் கண்ணைக் கரிக்கறது.

ஒச்சாயி: நம்ம சாமிதான். ஹாலாஸ்யம் குருக்களேதான். தலையில குடம், கழுத்துல மாலை. யப்பா, என்ன அழகு!

விஜயம்: அப்போ நிஜமாவே ஏறப்போறாரா?

ஒச்சாயி: பின்னே? சமயநல்லூரே திரண்டு வந்து நிக்குதே, எதுக்காம்?

விஜயம்: கடைசி நிமிஷத்துல மனசு மாறி, பிச்சுமணி தலையில குடத்தை வச்சுடுவார்னு நெனச்சேன். போனாப் போறதுன்னு.

ஒச்சாயி: பிச்சுமணி சாமியா? அந்தா, சாரத்தடியில மஞ்சப்பட்டு கட்டிக்கிட்டு நிக்கிறாரே, அவரா?

விஜயம்: மெள்ளப் பேசு! அவா ஆத்து மனுஷா நமக்குப் பின்னாடியே நிக்கறா. சித்தப்பா பிள்ளை அவன். இவர் மூத்த வழி, அவன் இளைய வழி.

ஜெயக்கொடி: ஏம்மா, குடம் யார் தலையில ஏறுதோ அவுகளுக்குத்தான் கோயிலுங்கிறாக. நெசமா?

விஜயம்: நெஜந்தான். கும்பாபிஷேகக் குடத்தை மூத்த வழிதான் மேலே கொண்டுபோகணும். முடியலைன்னு கீழே இறக்கி வச்சா, அப்பவே முறை இளைய வழிக்குப் போயிடும். அடுத்த கும்பாபிஷேகம் வரைக்கும் பூஜையும் அவாளுக்கு, வீடும் அவாளுக்கு. நாங்க மூட்டையைக் கட்டிண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஒச்சாயி: இந்த வயசுல எங்கம்மா போவீக?

விஜயம்: அதைத்தான் நான் ஒரு வருஷமா சாமிகிட்ட கேட்டுண்டிருக்கேன். முந்தின கார்த்திகைக்கு இங்கே இருந்தியோ?

ஒச்சாயி: ஏணி முறிஞ்சுச்சே, அன்னைக்கா? இருந்தேம்மா.

விஜயம்: விளக்கேத்த ரெண்டு படி ஏறினார். மடக்குனு முறிஞ்சு, தரையில உக்காந்துட்டார். எழுந்திருக்க நாலு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. பிச்சுமணி என்ன சொன்னான் தெரியுமோ? "அண்ணா, நீங்க கோபுரத்துக்கு முட்டுக்கொடுத்துண்டு கீழேயே நில்லுங்கோ, ஏறறதுக்கு நான் இருக்கேன்"னான். ஊரே சிரிச்சுது.

ஒச்சாயி: நானும் சிரிச்சுட்டேம்மா. பொய் சொல்ல மாட்டேன்.

விஜயம்: எனக்கே சிரிப்பு வந்துதுடி. ஆத்துக்கு வந்துதான் அழுதேன்.

ஜெயக்கொடி: சாமி அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டாரே, பாவம்.

விஜயம்: யார் சொன்னா? துக்கத்துல ரெண்டு பங்கு சாப்பிட்டார்.

ஒச்சாயி: அம்மா... அம்மா, கால் வச்சுட்டாக. மொதப் பலகையில ஏறிட்டாக.

விஜயம்: நான் பார்க்கலை. கண்ணை மூடிண்டுட்டேன். நீயே பார்த்துச் சொல்லு. மூச்சு வாங்கறாரா?

ஒச்சாயி: இல்லையே.

விஜயம்: நன்னாப் பாரு. வயிறு ஏறி எறங்கறதா?

ஒச்சாயி: அவுகளுக்கு வயிறு எங்கம்மா இருக்கு இப்ப? கழட்டி வச்சுட்டுல்ல வந்திருக்காக.

விஜயம்: அதுதாண்டி எனக்குக் கவலையே. ஏணி முறிஞ்சப்புறம் மதுரையில ஒரு டாக்டர்கிட்ட போனோம். குழாயை நெஞ்சுல வச்சுப் பார்த்துட்டு, "ஓய், இந்த ஒடம்போட மாடிப்படி ஏறினாலே ஆபத்து. கூலிக்காரன் மாதிரி வேர்க்க வேர்க்க ஒழைக்கணும், வாயைக் கட்டணும்"னார். குருக்கள் வாயை எப்படிக் கட்டறது?

ஜெயக்கொடி: ஏன், கட்டுனா என்ன?

விஜயம்: நைவேத்தியம் பண்றவர் பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லலாமா? வீணாக்கலாமா? ராத்திரி பூஜைச் சர்க்கரைப் பொங்கல் மிஞ்சும். விடியக்காலம் அதை இலையில கட்டிக் கையில கொடுப்பேன். ஆத்தங்கரையில ஜபம் முடிச்சுட்டுச் சாப்பிடுவார். அவர் வாய் எனக்குத் தெரியாதா? முந்திரியை மட்டும் தொட மாட்டார், தொண்டை கமறும்பார். மத்தபடி நெய்யில மிதக்கற எதுவா இருந்தாலும் சரி.

ஒச்சாயி: க்கும்... க்கும்...

விஜயம்: என்னடி இருமல்?

ஒச்சாயி: புகைம்மா.

விஜயம்: ஆடியிலேர்ந்து விடியக்காலம் வைகைக்கு ஜபத்துக்குப் போறார். ஆவணியில வேஷ்டி ஒரு சுத்து கூடச் சுத்தித்து. ஐப்பசியில மோதிரம் கழண்டு விழுந்துது. ஆத்துல ஒரு கரண்டி சாதம், நீர் மோர், போறும்பார். ஊர் முழுக்க க்ஷயரோகம்னு பேசித்து. பிச்சுமணி பொண்டாட்டி எங்கிட்ட வந்து, "மன்னி, தைரியமா இருங்கோ"ன்னா.

ஜெயக்கொடி: ஜபம் பண்ணுனா எளைக்கும்மா. நல்லா எளைக்கும்.

விஜயம்: ஒனக்கு ஜபத்தைப் பத்தி என்னப்பா தெரியும்?

ஜெயக்கொடி: தெரியாதும்மா... கேள்விப்பட்டது.

ஒச்சாயி: மொத நெலை தாண்டிட்டாக! அம்மா, கண்ணைத் தொறங்க. பூனை மாதிரி ஏறுறாக.

விஜயம்: சாரம் ஆடறதா?

ஜெயக்கொடி: ஆடத்தான் செய்யும். வெள்ளைக்காரன் சண்டைக்கு நல்ல கயிறெல்லாம் கப்பலுக்குப் போயிருச்சாம், பனநாருல கட்டியிருக்காக. ஆனா அந்தக் காலைப் பாருங்க. மொதல்ல பெருவெரலை ஊனுறாரு. பலகை தாங்குதான்னு கேக்குறாரு. அது சரின்னு சொன்னப்புறம்தான் குதிங்கால் எறங்குது. யாத்தே... நான் எம்புட்டோ பேரைப் பார்த்திருக்கேன், இப்படி ஒரு காலைப் பார்த்ததில்ல.

விஜயம்: எத்தனை பேரைப் பார்த்திருக்கே? எங்கே?

ஜெயக்கொடி: அது... பொதுவாச் சொன்னேம்மா.

ஒச்சாயி: அவருக்கு எல்லாம் பொதுவாத்தான் தெரியும். நீங்க மேல பாருங்க.

விஜயம்: என்னாலே முடியலைடி. எல்லாரும் கருடன் வர்றதான்னு ஆகாசத்தைப் பார்க்கறா. எனக்கு அவர் பாதத்தைத் தவிர எதுவும் தெரியலை.

ஒச்சாயி: வாய் என்னமோ முணுமுணுக்குதே.

விஜயம்: மந்திரமா இருக்கும்.

ஜெயக்கொடி: மந்திரமா... ஆமா. மந்திரந்தான்.

விஜயம்: ஏண்டா சிரிக்கறே?

ஜெயக்கொடி: சிரிக்கலம்மா. எனக்கு மேலு சிலுக்குது. பாருங்க, கையெல்லாம் மயிரு நட்டமா நிக்குது. மூட்டை மாதிரி இருந்த மனுசன்... ஒத்தைக் கையில குடம், ஒத்தைக் கையில கம்பு, காத்து வேட்டியைப் புடுங்குது, அவரு பாட்டுக்குப் போறாரே!

ஒச்சாயி: ரெண்டாம் நெலையும் தாண்டியாச்சு. பிச்சுமணி சாமி மொகத்தைப் பாருங்கம்மா, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறாரு.

விஜயம்: அவனைப் பார்க்காதே. அவரைப் பாரு. இன்னும் எவ்வளவு இருக்கு?

ஜெயக்கொடி: ஒரு பலகைதான். அதைத் தாண்டுனா கலசம். ...ஐயோ.

விஜயம்: என்ன? என்ன ஐயோ?

ஜெயக்கொடி: நின்னுட்டாரு.

விஜயம்: இளைப்பாறறாரோ?

ஜெயக்கொடி: இல்ல... பலகை நுனிக்கு வந்துட்டாரு. அங்கிட்டுத் தாவி மேல் பலகையில கால் வைக்கணும். வைக்காம... பின்னால கால் எடுக்குறாரு. ஆத்தாடி, பின்னால எடுத்து வச்சுட்டாரு!

ஒச்சாயி: ஏன் பின்னால போறாக? மேல போகணுமில்ல?

ஜெயக்கொடி: பழக்கம்டி! நுனி வந்ததும் கால் தன்னால பின்னுக்கு வருது. அங்க அப்படித்தானே? முன்னால போனா சால் கெணத்துக்குள்ள எறங்கும், பின்னால வந்தாத்தான் தண்ணியோட சால் மேல வரும். கால் அதையே நெனச்சுக்கிருச்சு!

ஒச்சாயி: மெள்ள... மெள்ளப் பேசுங்க, பின்னாடி ஆளு நிக்குது!

ஜெயக்கொடி: இன்னொரு எட்டு வச்சுட்டாரு. போச்சு. பின்னால பலகை முடிஞ்சிருச்சு. குதிங்கால் அந்தரத்துல நிக்குது. அது அவருக்குத் தெரியல. குடம் தலையில இருக்கு, திரும்பிப் பார்க்க முடியாது.

விஜயம்: சொக்கநாதா!

ஒச்சாயி: மேளம் ஏன் நின்னு போச்சு? ஐயோ! ஏதாச்சும் செய்யுங்க, கத்துங்க!

ஜெயக்கொடி: கத்துனா பதறிருவாரு. நான் பாடணும். அடுத்த அடி பாடுனா முன்னால வந்துருவாரு. ஆனா பாடுனா... இம்புட்டுப் பேர் இருக்காகளே, எல்லாம் வெளியே வந்துரும். சாமிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்...

விஜயம்: பாடுப்பா!

ஒச்சாயி: அம்மா?

விஜயம்: என்னடா பார்க்கறே? ஏத்தப் பாட்டைப் பாடு! சால் கவிழ்த்ததும் அடுத்த சாலுக்கு எடுப்பியே, அந்த அடியைப் பாடு! ஜெயக்கொடி, ஒன் காலைத் தொடறேன், பாடு!

ஜெயக்கொடி: "ஓடிவா தண்ணியே... ஓ... முன்னெட்டு வச்சு வா... வாடுது கத்தரி... ஓ... வாய்க்கால் நனைக்க வா..."

ஒச்சாயி: நின்னுட்டாக. குதிங்கால் நின்னிருச்சு. இன்னும் சத்தமா!

ஜெயக்கொடி: "ஓடிவா தண்ணியே... ஓ... முன்னெட்டு வச்சு வா..."

ஒச்சாயி: அந்தா, கோச்சடை ஊரு ஆளுகளும் சேர்ந்து எடுக்குறாக! தோட்டத்துக்காரன் அம்புட்டுப் பேரும் பாடுறான்! அம்மா, கால் முன்னால வருது... ஒரு எட்டு... இன்னொரு எட்டு... நுனிக்கு வந்துட்டாக...

விஜயம்: தாண்டச் சொல்லு. தாண்டச் சொல்லு...

ஒச்சாயி: தாண்டிட்டாக! குருக்களம்மா, மேல் பலகையில நிக்கிறாக! கலசத்தைப் பிடிச்சுட்டாக! கும்பிடுங்க, கும்பிடுங்க, குடம் சாயுது!

ஜெயக்கொடி: தண்ணி வருதும்மா. கோவுரம் பூராம் வழிஞ்சு வருது. வெயில்ல வெள்ளி மாதிரி... நான் பொறந்ததுல இருந்து தண்ணியைக் கீழே இருந்து மேல எடுத்துத்தான் பார்த்திருக்கேன். மேல இருந்து இப்படி வந்து பார்த்ததில்ல.

ஒச்சாயி: மூஞ்சியில தெறிச்சுச்சு! எனக்கும் தெறிச்சுச்சு!

விஜயம்: எனக்கும்.

ஒச்சாயி: அழுகாதீக. பாருங்க, பிச்சுமணி சாமி கையைத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிடுறாரு. கோவுரத்தையா, குருக்களையான்னுதான் தெரியல.

ஜெயக்கொடி: ரெண்டும் இப்ப ஒண்ணுதான். என் தொண்டை காஞ்சு போச்சு... அம்மா, நான் பாட்டை எடுத்து எல்லாத்தையும் கெடுத்துட்டேனோ? ஏத்தம் மிதிச்ச கால் கோவுரத்துல ஏறலாமான்னு பிச்சுமணி சாமி ஆளுக ஆரம்பிச்சா?

விஜயம்: குடம் கவிழறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பா. கவிழ்ந்தப்புறம் யாருக்கும் வாய் கிடையாது. கேட்டா, ஊர் ஜனங்க பக்தியில பாடித்துன்னு நானே சொல்லிடறேன்.

ஜெயக்கொடி: அப்பச் சொல்லிடுறேம்மா. ஜபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆடியில ஒரு நாள் இருட்டோட வந்து கெணத்து மேட்டுல நின்னாரு. "ஜெயக்கொடி, ஒன் ஏத்தத்துல எனக்கு ஒரு எடம் கொடு"ன்னாரு. நான் கேலின்னு நெனச்சேன். ரெண்டு ஆள் மேல நடந்து மிதிக்கிற துலா மரம்மா அது. இவரு ஒத்தை ஆளா ஏறி நின்னதும், சால் சர்ருன்னு மேல வந்து என்னைக் குளிப்பாட்டிருச்சு. அடுத்த எட்டுல சாமி வாய்க்கால் சகதியில கெடக்குறாரு.

ஒச்சாயி: நான் ஓடிப்போய்ப் பார்த்தா, எருமை படுத்த மாதிரி படுத்து அழுதுக்கிட்டு இருக்காக. நாளைக்கு எங்கிட்டு வரப்போறாருன்னு நெனச்சோம். வந்துட்டாக. மறுநாளும் விழுந்தாக. அதுக்கு மறுநாளும் வந்தாக.

ஜெயக்கொடி: தண்ணி நெறைஞ்ச சாலும் மனுசன் கனமும் துலாவுல ஒரு எடத்துல சமமா நிக்கும். அந்த எடத்துல சுண்ணாம்பு தடவி வச்சேன். சாமி எளைக்க எளைக்க, கனம் பத்தாம, இன்னும் பின்னால தள்ளி நின்னாத்தான் சால் கெளம்புச்சு. கோடு நகர்ந்துச்சும்மா! மாசத்துக்கு மாசம், துலா வாலைப் பார்த்து நகர்ந்துக்கிட்டே போச்சு. நானும் எங்கப்பனும் வயித்துக்காக மிதிச்ச மரம் அது. மேல ஏறுனா அலுப்புத்தான் வரும்னு இருந்தேன். அதுல ஒரு மனுசன் தன்னைத் தானே செதுக்கிக்கிருவான்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

ஒச்சாயி: எங்க வீட்டுல சமைச்சதை நாங்க கொடுக்கலம்மா, சத்தியமா. அந்தப் பாவம் எங்களுக்கு வேணாம். பச்சையாத்தான். வெள்ளரிப்பிஞ்சு, பிஞ்சு வெண்டைக்கா. தண்ணி அவுகளே மொண்டுக்கிருவாக.

விஜயம்: தெரியும்.

ஜெயக்கொடி: கேக்கணும்னு இருந்தேன். என்னைப் பாடச் சொன்னீகளே... எந்த அடியின்னு கூடச் சொன்னீகளே. சாமியே சொல்லிட்டாரா?

விஜயம்: அவரா? அவர் இன்னி வரைக்கும் ஜபம்னுதான் சொல்லிண்டிருக்கார். புரட்டாசியில ஒரு நாள் பின்னாடியே வந்தேன். வேற என்னென்னமோ சந்தேகம் எனக்கு. எவ ஆத்துக்குப் போறாரோன்னு.

ஒச்சாயி: அடி ஆத்தி!

விஜயம்: ஒங்க வேலியோரம் கிளுவை மறைவுல நின்னேன். கிழக்கு வெளுத்துண்டு வந்துது. பார்த்தா, மேலே... ஆகாசத்துல நடக்கறார். போறார், வர்றார். மூணு படி ஏறினா மூச்சு வாங்கற மனுஷன்டி. ஒடம்பு பூரா வேர்வை மின்னறது. கீழே இவன் பாடறான். கூப்பிடலாம்னு வாயைத் தொறந்தேன். பதறி விழுந்துட்டா? தொறந்த வாயை மூடிண்டு ஆத்துக்கு வந்துட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா வெக்கப்பட்டுண்டு நின்னுடுவார். அதனால அவர்கிட்டேயும் கேக்கலை.

ஒச்சாயி: அப்ப இம்புட்டு நேரம் பயந்தது?

விஜயம்: அது நடிப்பில்லைடி. ஒங்க துலாவுக்குக் கீழே சகதி இருந்தது. இங்கே கல்லுன்னா இருக்கு.

ஜெயக்கொடி: எறங்குறாரும்மா. நம்ம பக்கமாத்தான் பார்க்குறாரு. சிரிக்கிறாரு பாருங்க.

ஒச்சாயி: அவுக வர்றதுக்குள்ள நானும் ஒண்ணு சொல்லிடுறேன். மனசு கெடந்து அடிச்சுக்கிருது. நீங்க விடியமுன்ன கட்டிக் கொடுக்குற பொங்கப் பொட்டலம்... அதைச் சாமி ஒரு நாளும் திங்கல. பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாக. பார்த்தா வாய் கேக்கும், பிரசாதத்தை வீணாக்கக் கூடாதுன்னு எங்கிட்டக் கொடுத்துருவாக. நான் பச்சைப் புள்ளைக்காரி. பசி... தின்னுட்டேம்மா. அதான் இப்படி ஊதிப்போனேன். நீங்க புருசனுக்குன்னு ஆசையா அம்புட்டு நெய்யும், வாய்க்கு வாய் முந்திரியும் போட்டு ஆக்கி... நான் பாவி...

விஜயம்: ஏண்டி அசடே, அவர்தான் முந்திரியைத் தொடவே மாட்டார்னு அப்பவே சொன்னேனே. பின்னே புரட்டாசியில ஒன் கையில அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததுலேர்ந்து தினம் யாருக்குன்னு கைநிறைய அள்ளிப் போட்டேன்?